யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்புச் சட்டம், மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பெயர் காணாமல் போய்விடுகிறது. 2011, 2022 இரண்டிலும் வெளியான வீட்டுமொழி அட்டவணைகளில் தமிழுக்குத் தனி வரி கிடையாது. 'பிற மொழிகள்' என்ற வரிக்குள் கரைந்துவிடுகிறது. டர்பனில் எத்தனை வீடுகளில் இன்னும் தமிழ் புழங்குகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு ஊகம் சொல்வார்கள். என் முதுகலை ஆய்வுக்கு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு மட்டும். மாதிரி எடுப்பதில் என்னென்ன தடைகள் வந்தன, எப்படிக் கடந்தேன் என்பதை, இதே வழியில் வரப்போகிற மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

எத்தனை பேரைக் கேட்பது என்பதுதான் எல்லோருடைய முதல் கவலையும். உண்மையில் அதுதான் சுலபமான பகுதி. 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை வரம்பு (நூறு முறை மாதிரி எடுத்தால் சுமார் 95 முறை உண்மையிலிருந்து 5 புள்ளிக்குள் விடை வரும்) என்று வைத்துக்கொண்டால், 95 சதவீதத்துக்குரிய எண்ணான 1.96-ன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி, 0.05-ன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 384.16 வரும், 385 என்று எடுத்துக்கொள்வோம். அந்த 0.25, பாதிக்குப் பாதி (0.5 × 0.5) என்ற அனுமானத்திலிருந்து வருகிறது. விகிதம் எதுவென்று முன்கூட்டித் தெரியாதபோது அதுவே பாதுகாப்பானது; வேறு எந்த விகிதத்துக்கும் தேவைப்படும் எண்ணிக்கை இதைவிடக் குறைவுதான். ஊர் பெரிதானால் மாதிரியும் அதே அளவுக்குப் பெரிதாக வேண்டும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. மொத்தமே 2,000 வீடுகள் என்றால், சிறிய மொத்தத்துக்காகச் செய்யும் திருத்தத்துக்குப் பின் 323 போதும். 20,000 என்றால் 377. இருபது லட்சம் என்றாலும் 385-ஐத் தாண்டாது. பிழை வரம்பை 3 சதவீதமாகக் குறைத்தால்தான் எண்ணிக்கை 1,068-க்குத் தாவுகிறது.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. முழுப் பட்டியல் ஒன்று கையில் இருந்து, அதிலிருந்து ஒவ்வொருவரையும் சமவாய்ப்பில் எடுத்திருக்க வேண்டும். தமிழ் வீடுகளுக்கு அப்படி ஒரு பட்டியல் எங்கே இருக்கிறது?

கோயில் உறுப்பினர் பட்டியலைக் கேட்கச் சொன்னார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், உறுப்பினர்களின் இசைவில்லாமல் எந்த நிர்வாகமும் அதைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. காவடித் திருவிழாவில் நின்று கேட்டால் ஒரே நாளில் 385 பேர் கிடைப்பார்களே என்றார் நண்பர் ஒருவர். கிடைப்பார்கள்தான். தொலைபேசிப் புத்தகத்தில் கவுண்டர், பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று குடும்பப் பெயர்களைப் பொறுக்கலாம் என்றார் இன்னொருவர்.

என் பேராசிரியர் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "இதில் வருவதற்கு வாய்ப்பே இல்லாதவர் யார்?" காவடிக் கூட்டத்தில் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கமாட்டார்கள், சாட்ஸ்வொர்த்தில் அவர்கள் ஒன்றிரண்டு வீட்டார் அல்லர். கோயிலை விட்டு விலகிய இளையவர்களும் இருக்கமாட்டார்கள். குடும்பப் பெயரை நம்பினால் மணமாகிப் பெயர் மாறிய பெண்கள் விடுபடுவார்கள். நாயுடு என்ற பெயருக்குள் தெலுங்கும் தமிழும் கலந்தே இருக்கும்.

1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றது. அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் வெல்வார் என்று எழுதியது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களையே அது பெரிதும் நம்பியிருந்தது. பதில் போட்டவர்களும் ஒரு சாய்வு உள்ளவர்கள். இருபது லட்சம் பதில்களே காப்பாற்றாதபோது காவடிக் கூட்டத்து 385 பேர் எப்படிக் காப்பாற்றுவார்கள்?

ஒருவர் மற்றொருவரைக் கைகாட்டும் பனிப்பந்து முறையை, நன்றாகத் தமிழ் பேசும் முதியவர்களின் நேர்காணல்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அவர்களைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. விகிதம் சொல்ல அது உதவாது.

ஆகவே ஆட்களின் பட்டியலை விட்டுவிட்டு, நிலத்தின் பட்டியலுக்குப் போனேன். வரைபடத்தில் சாட்ஸ்வொர்த்தைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்பில் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்தேன். அந்தத் தொகுதிகளில் சம இடைவெளி விட்டு வீடுகளுக்குப் போய், தாத்தா பாட்டி தலைமுறையில் யாராவது தமிழ் பேசியதுண்டா என்று முதலில் கேட்பது. ஆம் என்றால் மட்டும் முழுக் கேள்வித்தாள். இதற்கு விலை உண்டு. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஒரே தெருவில் பத்துப் பேரைக் கேட்பது பத்துத் தெருவில் பத்துப் பேரைக் கேட்பதற்கு ஈடாகாது. தொகுதிக்கு 10 வீடு, ஒப்புமைக் கெழு (அண்டை வீட்டார் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு) 0.05 என்று கொண்டால் மாதிரியை 1 + (10 − 1) × 0.05, அதாவது 1.45 மடங்காக்க வேண்டும். 385 என்பது 559 ஆனது. ஐந்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 699. ஆய்வு நெறிக் குழுவுக்கு இந்தக் கணக்கைப் படிப்படியாக எழுதிக் கொடுத்தேன். ஒப்புதல் சிக்கலில்லாமல் வந்தது.

தெருவில் இறங்கியதும் சூத்திரத்தில் இல்லாத விஷயங்கள் எதிரே வந்தன. 1960-களில், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்தியர்களைக் கொண்டுவந்து குடியேற்றக் கட்டிய ஊர் இது. இரண்டும் நான்குமாகச் சுவரைப் பகிர்ந்துகொண்டு வீடுகள் நிற்கின்றன. எட்டாவது வீட்டுக்கு எட்டாவது வீடு என்று போனால், சில தெருக்களில் ஒவ்வொரு முறையும் ஓரத்து வீட்டிலேயே போய் நிற்போம். ஓரத்து வீட்டுக்கு மனை கூடுதல். பின்னால் அவுட்பில்டிங் என்ற தனிச் சிறு கட்டடம் கட்டித் தாய் தகப்பனைக் குடிவைத்திருப்பார்கள். முதியவர்கள் அங்கே குவிந்தால் தமிழும் அங்கே குவியும். அதனால் இடைவெளியை ஏழாக வைத்தேன். அவுட்பில்டிங்கில் தனி அடுப்பு எரிந்தால் அதைத் தனிக் குடும்பமாகவே கணக்கில் சேர்த்தோம்.

வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதற்கும் விதி வேண்டும். கதவைத் திறப்பவரைக் கேட்டால் பகலில் ஆயாக்கள், அதாவது பாட்டிகள், மட்டுமே கிடைப்பார்கள். பதினெட்டு வயது நிறைந்தவர்களில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவரிடம்தான் கேள்வி. சாட்ஸ்வொர்த்தின் பேவியூ பகுதியில் ஒரு வீட்டில் ஆயா நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்துவிட்டார். பிறந்தநாள் கணக்குப் பேரனைக் காட்டியது. "அவனுக்கு ஒன்றும் தெரியாது தம்பி, என்னைக் கேளுங்கள்" என்றார். பையனும் ஆங்கிலத்தில் அதையே சொன்னான். கேள்வித்தாளை எடுத்துப் படித்தபோது உறவுமுறைச் சொற்கள் எல்லாம் அவனிடம் இருந்தன. சமையல் சொற்கள் பாதி இருந்தன. ஆயா கோபத்தில் திட்டுவது முழுதும் புரியும் என்றான். ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னபோது தலையாட்டி மறுத்துவிட்டான். ஆயா இதையெல்லாம் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் புரிந்தும் பேசாத அந்தத் தலைமுறையைக் காவடிக் கூட்டத்தில் நின்றிருந்தால் நான் கணக்கெடுத்திருக்கவே முடியாது.

ஒரே ஒருவர் வாழும் வீட்டில் அவர் அகப்படுவது உறுதி. ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஐந்தில் ஒரு வாய்ப்பு. அதனால் ஆள்வாரியான கணக்குப் போடும்போது பின்னவரின் பதிலை ஐந்தால் பெருக்க வேண்டும். இந்த எடையைச் சேர்க்காவிட்டால் தனியே வாழும் முதியவர்களின் குரல் உரத்து ஒலித்து, இங்கே தமிழ் இருப்பதைவிட நலமாக இருப்பதுபோல் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதற்காகவே எடைகளை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தேன்.

காவலர் நிற்கும் மதிற்சுவர்க் குடியிருப்புகளில் எங்களை உள்ளே விடவில்லை. என் விகிதம் அந்த வீடுகளைப் பற்றிப் பேசவில்லை என்பதை முறையியல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டேன். உங்கள் பகுதியில் அத்தகைய குடியிருப்புகள் இருந்தால், அவற்றின் நிர்வாகக் குழுக்களிடம் அனுமதிக் கடிதத்தைக் களப்பணிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அந்தக் குழுக்கள் அடிக்கடி கூடுவதில்லை.