ஒரு பக்கம் கார், ஒரு பக்கம் வெல்டிங் மெஷின்

இந்த நாட்டுக்கு வந்த ஐந்தாவது வருடம் வீடு வாங்கினோம். பார்க்கப் போன அன்று மனைவி சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கராஜில் நின்றேன். இரண்டு கார் நிற்கும் கராஜ், எங்களிடம் இருப்பது ஒரு கார். மீதிப் பாதி யாருக்கு என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அவளுக்கு மட்டும் அது தெரியாது.

நான் வெல்டர். வேலை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வந்த புதிதில் தேர்வுத் தகட்டை வெல்டு செய்து, அதை அவர்கள் வளைத்துப் பார்த்து, விரிசல் இல்லை என்று சான்றிதழ் கொடுத்துத்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் சாமானை எடுத்து வைப்பது என்ற ஒன்றை நான் செய்ததே இல்லை. முன்பு இருந்த பட்டறையில் அதற்குச் சின்னப் பையன்கள் இருந்தார்கள், அவர்களும் செய்ததில்லை. வெல்டு வைக்க உருக்கும் பூச்சுக் கம்பி, அதாவது ராடு, பெஞ்சுக்கு அடியில், கேபிள் தரையில், சிலிண்டர் வாசலில். மூன்று பக்கமும் திறந்த கொட்டகை அது. புகை தானாகப் போகும், ஈரம் தானாகக் காயும், பொறி மண் தரையில் விழுந்து தானாக அணையும். இங்கே கதவை இறக்கினால் ஒரு பெட்டிக்குள் நிற்கிற மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் மகள் தூங்குகிற அறை.

மெஷின் வந்து இறங்கிய அன்று மனைவி கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, அப்போ காரை எங்க நிறுத்தறது?"

தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் காருக்கு. எவ்வளவு தப்பான கணக்கு என்று முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துபோனது.

பனியில் போய்வந்த கார் உள்ளே நிற்கும். சக்கரத்திலும் அடியிலும் ஒட்டிய பனி இரவெல்லாம் உருகித் தரையில் ஓடும். சாக்பீஸ் கோடு தண்ணீருக்குத் தெரியுமா? அது என் பக்கத்துக்கும் வந்தது. அதோடு காற்றில் ஏறிய ஈரம், சில்லிட்ட இரும்பு எதைக் கண்டாலும் அதன் மேல் முத்து முத்தாகப் படிந்தது. வைஸ், சுத்தியல், ஆங்கிள் துண்டுகள் எல்லாவற்றிலும் இரண்டே வாரத்தில் செம்பழுப்பாகப் பூத்துவிட்டது. அதைத் துடைத்துக்கொள்ளலாம். துடைக்க முடியாதது ராடு.

பட்டறையில் பெரும்பாலும் 6013 என்ற ரக ராடுதான். கேட், கிரில் வேலைக்கு அது போதும். கொஞ்சம் ஈரம் ஏறினாலும் முணுமுணுத்துக்கொண்டே எரிந்துவிடும். இங்கே கம்பெனியில் 7018. குறைந்த ஹைட்ரஜன் ராடு என்பார்கள். அதன் மேல்பூச்சு காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெல்டு செய்யும்போது அந்த ஈரம் உடைந்து, ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெல்டு பார்க்க அழகாக இருக்கும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ, வெல்டுக்குப் பக்கத்திலேயே உள்ளுக்குள் விரிசல் விடும். அதனால்தான் கம்பெனியில் பாக்கெட்டைப் பிரித்தவுடன் ராடு நேராக ஓவன் என்கிற சூட்டுப் பெட்டிக்குள் போகும். 120 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் அங்கேயே இருக்கும். வெளியே எடுத்த சாதாரண 7018-ஐ நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் தெரிந்த நான்தான் வீட்டில் திறந்த பாக்கெட்டை ஜன்னல் விளிம்பில் மூன்று மாதம் வைத்திருந்தேன். மார்ச்சில் ஒரு ஸ்டாண்டு செய்ய உட்கார்ந்தபோது ஆர்க், அதாவது ராடு முனையில் எரியும் மின்சுடர், படபடவென்று துப்பியது. கசடைத் தட்டினால் வெல்டு முழுக்க ஊசி குத்தியது போல ஓட்டைகள்.

சமையலறை ஓவனில் வைத்துச் சூடாக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அதற்கு வந்த பதிலை இங்கே எழுத வேண்டாம். மனைவி சொன்ன காரணம் வேறு என்றாலும் அவள் சொன்னதுதான் சரி. அந்தப் பூச்சில் இருப்பவை சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாதவை. தவிர, ஈரம் குடித்த 7018-ஐத் திரும்பக் காயவைக்க 350 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரமாவது வேண்டும். வீட்டு ஓவன் அவ்வளவு தூரம் போகாது. பழைய ஃபிரிட்ஜுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு ராடு வைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. 6013-க்கு அது நல்ல ஏற்பாடு, ஈரம் அண்டாது. 7018-க்கு அந்தச் சூடு காணவே காணாது. இதில் இன்னொரு வேடிக்கை, 6010, 6011 ராடுகள் நேர் எதிர். அவற்றின் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தே ஆக வேண்டும். 'எல்லாம் ராடுதானே' என்று அதையும் ஓவனில் போட்டுக் காயவைத்தால் ஆர்க் கெட்டுப்போகும்.

கடைசியில் நான் கண்ட வழி ரொம்ப எளிமையானது. பெரிய டின் வாங்குவதை நிறுத்திவிட்டேன். சீல் போட்ட ஒரு கிலோ பாக்கெட், அன்றைய வேலைக்கு அன்றைக்குத்தான் பிரிப்பது. மிச்சத்தை ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள குழாய் டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு. சிவப்புக் கோடு என்றால் பூந்தொட்டி ஸ்டாண்டுக்கு மட்டும். பாரம் தாங்கும் எதற்கும் கிடையாது. ராடுக்குப் பதிலாகச் சுருளிலிருந்து ஓடிவரும் மிக் வெல்டிங் வயருக்கும் இதே கதைதான். மெஷினுக்குள்ளேயே விட்டிருந்த சுருளில் மேல் சுற்று மட்டும் கறுத்திருந்தது. அது வயர் ஓடும் உள்குழாயான லைனருக்குள் துருப்பொடியை இழுத்துக்கொண்டு போய், வயர் திக்கித் திக்கி வந்தது. இப்போது வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பைகள் போட்ட மூடி வாளிக்குள் வைத்துவிடுகிறேன். கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் ஆகிறது. லைனர் மாற்றுவதற்கு அரை நாள் போனது.

அப்புறம் சிலிண்டர்.

கம்பெனியில் என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், நமக்கு முன்னால் வந்து சேர்ந்தவர். வீட்டுக்கு வந்தவர் கராஜைச் சுற்றிப் பார்த்தார். ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த என் சிலிண்டர் மூலையில் சும்மா சாய்ந்து நின்றது. "தம்பி, இது விழுந்து கழுத்து ஒடிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா?" தெரியும். முழுச் சிலிண்டரில் 150 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். வால்வு உடைந்தால் அது ராக்கெட். தெரிந்தும், பட்டறையில் பையன்கள் காலால் உருட்டிக்கொண்டு போனதையே பார்த்த கண்ணுக்கு அது ஒரு தூண் மாதிரிதான் தெரிந்தது. அன்றைக்கே அவர் நிற்க நிற்க, சுவரின் பலகைச் சட்டத்தில் கொக்கி அடித்து, மேலே ஒரு சங்கிலி, கீழே ஒரு சங்கிலி கட்டினோம். ரெகுலேட்டரைக் கழற்றும்போதெல்லாம் வால்வுக்கு மேல் தொப்பியைத் திருகி மூட வேண்டும். அடியில் ஒரு மரப்பலகை, உருகிய பனித் தண்ணீர் அடிவட்டத்தை அரிக்காமல் இருக்க. இரவில் மெஷினை அணைத்தால் போதாது, சிலிண்டர் வால்வையே மூடி, ஹோஸில் இருப்பதை வெளியேற்றி, ரெகுலேட்டர் திருகைத் தளர்த்த வேண்டும். ஆர்கானுக்கு வாசனை கிடையாது, காற்றைவிடக் கனம். மூடிய இடத்தில் கசிந்தால் தரையோடு தேங்கி, மூச்சுக்காற்றைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும்.

கேஸ் கட்டிங் செட் வாங்கும் ஆசையும் எனக்கு இருந்தது. பழகிய கை, ஆக்சிஜனும் அசெட்டிலினும் இல்லாமல் பட்டறையா? அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. டேப்பை எடுத்து கராஜின் அகலத்தை அளந்தார். 20 அடி. கம்பெனிச் சுவரில் தினமும் பார்க்கிற விதி ஞாபகம் வந்தது. எடுத்து வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் அசெட்டிலின் சிலிண்டருக்கும் இடையே 20 அடி இருக்க வேண்டும்; இல்லையென்றால் அரை மணி நேரம் தீயைத் தாங்கும், ஐந்தடி உயரச் சுவர் வேண்டும். அதாவது இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று, நடுவில் பெட்ரோலோடு கார். அசெட்டிலின் காற்றில் இரண்டரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். மூலையில் கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர் வேறு. ஆசையை அங்கேயே விட்டேன். வெட்டுவதற்கு கிரைண்டர் போதும்.

போதும் என்று சொன்ன அந்த கிரைண்டர்தான் எனக்குப் பாடம் எடுத்தது. வீடு மாறியபோது வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரிக்காமல் அலமாரிக்கு அடியில் தள்ளியிருந்தோம். ஒரு சனிக்கிழமை நான்கு பைப் வெட்டினேன். பத்தே நிமிட வேலை. தரையைப் பெருக்கி, கதவை மூடி, உள்ளே வந்து கைகால் கழுவிவிட்டேன். அரை மணி இருக்கும், சைக்கிள் எடுக்கப் போன மகள் திரும்பி வந்து, "அப்பா, கராஜ்ல ஏதோ கருகுற வாசனை வருது" என்றாள்.

தீ இல்லை. புகைகூடச் சரியாகத் தெரியவில்லை. குனிந்து பார்த்தால், பழைய துணி வைத்த பெட்டியின் கீழ் மூலையில் ஐந்து ரூபாய்க் காசளவு கறுப்பு வட்டம். அதன் ஓரத்தில் மட்டும் நூல் போல ஒரு சிவப்புக் கோடு, மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டியோடு வெளியே இழுத்துத் தண்ணீரை ஊற்றினேன். உள்ளே இருந்த துணியில் கை விட்டால் சுட்டது. மனைவியிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. மகள் சொல்லிவிட்டாள்.

வெல்டிங் பொறிக்கு எரியும் பொருள் 35 அடிக்குள் இருக்கக்கூடாது, இருந்தால் மூடிவைக்க வேண்டும் என்பது தொழிலில் எல்லாரும் அறிந்த கணக்கு. என் கராஜின் குறுக்குமூலை அளவே அதற்குக் காணாது. ஆகவே கராஜ் வைக்கிற இடம் மட்டும், செய்கிற இடம் இல்லை என்று ஆக்கிக்கொண்டேன். மெஷின் ஒரு தள்ளுவண்டியில் ஏறிவிட்டது. கதவைத் தூக்கி, வண்டியை வாசல் கான்கிரீட்டுக்குத் தள்ளி, வெளியே வேலை. பனி கொட்டும் மாதங்களில் வெல்டிங் விடுமுறை. அட்டைப் பெட்டி எல்லாம் போய், மூடியுள்ள இரும்பு அலமாரி வந்தது. தீயணைப்பான் வீட்டுக்குள் போகும் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டினால், தீ அங்கே இருக்கும்போது போய் எப்படி எடுப்பது? பெயின்ட், தின்னர், பிரேக் கிளீனர் மூன்றும் கராஜை விட்டே வெளியேறி, தோட்டத்துச் சின்னக் கொட்டகைக்குப் போய்விட்டன. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். வேலை முடிந்தபின் எங்காவது பற்றியிருக்கிறதா என்று நின்று பார்க்கும் நேரம், வெல்டிங் தீப்பாதுகாப்புக்கான என்எஃப்பிஏ 51பி என்ற அமெரிக்க விதித்தொகுப்பில் முன்பு அரை மணியாக இருந்தது. 2019 பதிப்பில் ஒரு மணி நேரம் ஆக்கினார்கள். என் பெட்டியைக் கேட்டிருந்தால் அதுவும் அதைத்தான் சொல்லியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இப்போது சாமானை எடுத்து வைக்கிறேன்.

கேபிளை ஆணியில் மாட்டினால் மடிந்த இடத்தில் உள்கம்பி இற்றுப்போகிறது. பழைய கார் ரிம் ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதன் மேல் அகலமாகச் சுற்றி வைக்கிறேன். முகத்தை மறைக்கும் ஷீல்டுக்கு ஒரு துணிப்பை. கையுறையைப் போடும்முன் ஒரு தடவை உதற வேண்டும், சிலந்தி இருக்கும். இதற்கெல்லாம் மேலே ஒரு பலகை அடித்து, கைக்கருவி ஒவ்வொன்றையும் வைத்துச் சுற்றிலும் மார்க்கரால் கோடு வரைந்தேன். உண்மையில் மகள்தான் வரைந்தாள். எது இல்லையோ அதன் உருவம் மட்டும் வெறுமையாகத் தெரியும்.

போன வாரம் பழைய பட்டறை மேஸ்திரி வீடியோவில் வந்தார். கண் சரியாகத் தெரிவதில்லை அவருக்கு. ஃபோனை முகத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார். வண்டி, சங்கிலி, வாளி, பலகை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். சிரித்தார்.

"கடை மாதிரி வெச்சிருக்கியேப்பா. அது சரி, நான் குடுத்த சிப்பிங் சுத்தி எங்க?"

பலகையில் அதன் உருவம் வெறுமையாக இருந்தது. "இங்கேதான் அண்ணே, இருங்க" என்று வண்டியில் தேடினேன், அலமாரியில் தேடினேன், வாசலில் போய்ப் பார்த்தேன். பின்னாலேயே வந்த மகள் என் கால்சட்டையின் பின்பாக்கெட்டிலிருந்து அதை உருவி, ஃபோனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.