குட்டைக் கணக்கில் நீர்நாய்

தர்மபுரி மாவட்டத்தில், ஏரியூர் பக்கம் ஒரு தூண்டில் குட்டையில் மேலாளராக வேலை பார்க்கிறேன். காசு கட்டி உள்ளே வந்து, நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து மீன் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, பிடித்ததைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போகிற இடம் இது. சின்ன மீனை வேண்டுமானால் எடை போட்டு வாங்கிப் போகலாம், பெரியதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். சேலம், ஓசூர், பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இந்தத் தொழில் இன்னும் பிடிபடவில்லை. "புடிச்ச மீனை விடறதுக்கு எதுக்குங்க காசு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

குட்டைக்கும் மேட்டூர் அணைக்கும் நடுவில் ஒரு ஓடை இருக்கிறது. அணை நிரம்பினால் தண்ணீர் ஒகேனக்கல் பக்கம் வரை எக்கி நிற்கும். அப்போது எங்கள் ஓடையின் வாயிலும் தண்ணீர் ஏறிவிடும். நீர்நாய்களுக்கு அதுதான் பாதை. காவிரியில் இருப்பது வழுவழுப்பான ரோமமுள்ள வகை. வளர்ந்தது ஏழு கிலோவிலிருந்து பதினோரு கிலோ வரை இருக்கும். தனியாக வராது, குடும்பத்தோடு வரும். பல கிலோமீட்டர் ஆற்றைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு சுற்றுகிற மிருகம் என்பதால், ஒரே குட்டையில் தினமும் உட்கார்ந்திருக்காது. வரும், சில நாள் தங்கும், போய்விடும். எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது.

முதலில் நாங்கள் தெருநாயைத்தான் சந்தேகப்பட்டோம். கரையில் பாதி தின்ற கட்லா கிடந்தது. காவலுக்கு இருக்கும் அண்ணன் முன்பு அணையில் பரிசல் போட்டு வலை வீசியவர். சேற்றில் இருந்த தடத்தைப் பார்த்ததுமே, "தம்பி, நாய்க்கு நாலு விரல்தான் பதியும். இதுல அஞ்சு இருக்குது பாரு, நடுவுல சவ்வு வேற" என்றார். கொஞ்சம் தள்ளி ஒரு பாறை மேல் அதன் எச்சம் கிடந்தது. முழுக்கச் செதிலும் முள்ளும் நண்டு ஓடும்தான். நாற்றம் கிட்டே போக விடாது. நீர்நாய்க் குடும்பம் முழுக்க ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சமிடும் பழக்கம் உள்ளதால், அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டாலே அவை வந்திருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். இன்றைக்கும் காலையில் எனக்கு முதல் வேலை அந்தப் பாறைக்குப் போய் வருவதுதான்.

முதலாளிக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. "குட்டையே காலி" என்றார். உண்மையில் காலியா என்பதுதான் எனக்கு வந்த கேள்வி. மீன் குட்டையில் இழப்பு என்பது பல வாசல் வழியாகப் போகிறது. கெண்டைக் குஞ்சு விட்டால் நூற்றுக்கு எழுபது, எண்பது தேறினாலே நல்ல பண்ணை என்று சொல்வார்கள். மீதி எங்கே போகிறது? நீர்க்காகம் விழுங்குகிறது. பெரிய நீர்க்காகம் ஒன்று நாளைக்கு அரைக் கிலோ மீன் வரை தின்னும், அது எந்தத் தடயமும் விடாது. கொக்கு, தண்ணீர்ப்பாம்பு, ஆமை, விரால் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. கோடையில் மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியலில் தண்ணீரில் உயிர்வளி இறங்கிவிடும். லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடாவிட்டால் ஒரே விடியலில் போகிற மீனை ஒரு நீர்நாய்க் குடும்பம் மாதக்கணக்கில் தின்றாலும் தீர்க்காது. அப்புறம், தொண்டை வரை தூண்டில் முள்ளை விழுங்கிய மீனைப் பிடுங்கி எடுத்து, வெறும் சிமெண்டுத் தரையில் வைத்துப் படம் எடுத்துத் திரும்ப விடுகிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களே, அவர்கள் விட்ட மீனில் எத்தனை பிழைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அது செத்து மிதக்கும்போது அவர் பெங்களூர் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஒரு நீர்நாய்க்கு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ மீன் வேண்டும். ஐந்து வந்தால் ஐந்து கிலோ. ஏக்கருக்கு இரண்டாயிரம், மூன்றாயிரம் மீன் இருக்கிற குட்டையில், இடையிடையே வந்துபோகும் குடும்பம் அதை எண்ணிக்கையில் பெரிதாகக் குறைத்துவிடாது. அதிலும் எச்சத்தில் பார்த்தால் ஜிலேபி மீனின் முதுகு முள்தான் அதிகம் தெரிந்தது. ஜிலேபி எங்களுக்குத் தொல்லை. கேட்காமலே பெருகும், கட்லாவுக்குப் போட்ட களி உருண்டையை அது வந்து பிய்த்துப் போகும். அதை நீர்நாய் தின்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் முதலாளியின் கோபத்திலும் விஷயம் இருந்தது. எங்கள் தொழில் மீன் எண்ணிக்கையில் ஓடவில்லை. பத்து கிலோவைத் தாண்டிய சில கட்லாக்கள், ஒரு புல்கெண்டை, வயதான சாதாக் கெண்டை சில, இவற்றின் மேல்தான் ஓடுகிறது. ஆட்கள் இவற்றைப் பிடிக்கத்தான் வருகிறார்கள். சந்தையில் எடை போட்டு விற்றால் ஒரு கட்லாவுக்கு இரண்டாயிரம் ரூபாய் கிடைக்கலாம். குட்டையில் அதே மீன் திரும்பத் திரும்பப் பிடிபட்டு வருடக்கணக்கில் சம்பாதித்துக் கொடுக்கிறது. சினிமாக் கம்பெனியில் துணை நடிகர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் கதாநாயகன் காணாமல் போனால் படம் நின்றுவிடும் அல்லவா, அப்படி. குளிர்ந்த இரவில் மந்தமாகக் கிடக்கும் வயதான பெரிய மீனைப் பிடிப்பது நீர்நாய்க்குச் சுலபம். முழுசாகத் தின்னவும் முடியாமல் கரைக்கு இழுத்து வந்து செவுள் பக்கம் கடித்துவிட்டுப் போடும். இரண்டாயிரம் மீனில் இரண்டு போனால் மீன்வளக் கணக்கில் அது ஒன்றுமில்லை. எங்கள் கல்லாவில் அது பெரிய ஓட்டை. மீன்வளம் படித்தவர்கள் ஒரு பக்கமும் குட்டைக்காரர்கள் இன்னொரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் புரியாதவர் என்று சொல்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். இருவரும் எண்ணுவது வேறு வேறு.

இன்னொன்று, படித்தபோது யாரும் சொல்லித் தராதது. இரவில் நீர்நாய்கள் வந்து மீனைக் கூட்டமாக விரட்டினால், மறுநாள் எதுவும் இரை எடுக்காது. எல்லாம் ஆழத்தில் ஒரு மூலையில் போய் நெருங்கிக் கிடக்கும். தக்கை அசையாது. வாடிக்கையாளர் என்னைப் பார்த்து முறைப்பார். ஒரு மீன்கூடக் குறையாத அந்த நாளிலும் எங்களுக்கு நட்டம்தான்.

முதலாளி இங்கிலாந்துக் காணொளிகள் நிறையப் பார்ப்பார். அங்கே இதே சண்டை பெரிய அளவில் நடக்கிறது. அவர்களுடையது வேறு இனம், தனியாகத் திரிவது. 1950களிலிருந்து டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகளால் அங்கே நீர்நாய் பெரும்பாலான இடங்களில் இல்லாமலே போனது. 1978-ல் சட்டப் பாதுகாப்பு வந்தது, மருந்துகளும் ஒழிந்தன. மெல்ல மெல்லத் திரும்பி வந்து 2011-க்குள் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் காணப்பட்டது. அங்கே கெண்டைக் குட்டைத் தொழில் வளர்ந்தது நடுவில் நீர்நாய் இல்லாத அந்த இடைவெளியில்தான். அதனால் அது திரும்பியபோது குட்டைக்காரர்களுக்குப் புதுத் திருடன் வந்த மாதிரி இருந்தது. நம் கதை நேர் எதிர். காவிரியில் நீர்நாய் எப்போதும் இருந்தது, பரிசல்காரர்கள் வலை கிழிந்ததைச் சொல்லித் தலைமுறையாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நாம்தான் புதிதாக வந்து அதன் வழியில் குட்டை வெட்டினோம். இதைச் சொன்னால் முதலாளி, "சரி, அதுக்கு வாடகை கட்டணுமா?" என்பார்.

சுற்றிலும் மின்கம்பி போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. இங்கிலாந்தில் பண்ணைகளைச் சுற்றிக் கம்பி வலை போட்டு, தரையை ஒட்டி மெல்லிய அதிர்ச்சிக் கம்பி இழுக்கிறார்கள். இங்கே அது அவ்வளவு சாதாரணமான பேச்சு இல்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே ஒரு நிலத்தில் சட்டவிரோதமாகக் கட்டிய மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்யும் விதிகளும் வந்தன. வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் விட்டால் யானை மட்டும் இல்லை, ராத்திரி ஓடைக்குப் போகிற மனுஷனும் விழுவான். அந்தப் பேச்சை நான் அங்கேயே நிறுத்தினேன்.

கண்ணி, விஷம் என்று காதில் ஓதுகிறவர்களும் வந்தார்கள். 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நீர்நாய் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. அதே ஆண்டில்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி காட்டுப் பகுதிகளில் 686 சதுர கிலோமீட்டரை காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தைக் கொன்றால் அந்த இடத்துக்கு ஆற்றிலிருந்து வேறொன்று வரும். விஷம் வைத்த தண்ணீரில் நம் மீனும் சாகும்.

கடைசியில் குட்டையை இரண்டாகப் பிரித்தோம். பெரிய மீன்கள் இருக்கும் சின்னக் குட்டையை மட்டும் கம்பி வலையால் சுற்றினோம். வலையின் அடியை மண்ணுக்குள் புதைத்து வெளிப்பக்கமாக மடித்துவிட்டோம், தோண்டினாலும் கம்பிதான் எதிர்ப்படும். தண்ணீர் வரும் குழாய்க்கும் போகும் மடைக்கும் இரும்புச் சட்டம் வைத்தோம். வேலி எவ்வளவு உயரம் இருந்தாலும் குழாய் வழியாக உள்ளே வந்துவிடும் என்று காவல்கார அண்ணன்தான் சொன்னார். கரைப் புதர்களையும் வெட்டியாகிவிட்டது. நாய் வளர்க்கும் யோசனையை விட்டுவிட்டோம். குடும்பமாக இருக்கும் நீர்நாய்களிடம் மாட்டினால் நாய்தான் அடிபடும். ஜிலேபியும் சின்ன ரோகுவும் உள்ள பெரிய குட்டை திறந்தே இருக்கிறது. அங்கே வந்து தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

வேலிக்கு ஆன செலவை முதலாளி இன்னும் சொல்லிக் காட்டுகிறார். வேலை முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. மழைக்குப் பின் காட்டுப்பன்றி வலைக்கு அடியில் மண்ணைப் பறித்துப் போட்டுவிடும். பன்றி திறந்த வழியில் நீர்நாய் வரும். அதனால் மழை விட்ட மறுநாள் காலையில் பாறையைப் பார்த்த கையோடு வேலி ஓரமாக ஒரு சுற்று நடந்து, பள்ளம் கண்ட இடத்தில் கல் போட்டு அடைக்க ஆள் அனுப்புகிறேன். கூலி இந்த மாதமும் என் கணக்கில்தான் இடிக்கிறது.