கருப்பனின் ரத்தம் சொன்னது

மார்ச் 4, செவ்வாய்
நேற்று லாரி மோதிய கருப்பன் என்ற நாய்க்கு இன்று இடது தொடை எலும்பில் தகடு வைத்தேன். கத்தி படுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட்டோம். உடலில் திசு சிதைந்தாலோ தொற்று வந்தாலோ ரத்தத்தில் ஏறும் புரதம் சி.ஆர்.பி.; நலமான நாய்க்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 10 மி.கி.க்குள் இருக்கும் அது, இவனுக்கு 62. அடிபட்டதிலேயே ஏறிய அளவு அது. இதைக் குறித்து வைக்காவிட்டால், நாளை வரும் எண்ணில் லாரியின் பங்கு எவ்வளவு, என் கத்தியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

மார்ச் 5, புதன்
சி.ஆர்.பி. 148. தசை நொதியான கிரியேட்டின் கைனேஸ் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. பயிற்சி மருத்துவர் தொற்றோ என்று பதறிப்போய், ஆன்டிபயாடிக்கை மாற்றலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எலும்பை எட்டுவதற்குத் தொடையின் இரண்டு பெரிய தசைகளை வெட்டவில்லை, இடையில் புகுந்து விலக்கித்தான் பிடித்தோம்; ஆனாலும் கொக்கி அழுத்திய விளிம்பு வெளுத்துப்போனதைக் கண்ணால் பார்த்தோம். அந்தத் தசையிலிருந்து நொதி நேராக ரத்தத்தில் கசிகிறது. சி.ஆர்.பி. வரும் வழி வேறு. சிதைந்த திசுவிலிருந்து இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப் புரதம் கல்லீரலுக்குச் சேதி கொண்டுபோக, கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சம் தொடும். இன்று ஏறாமல் இருந்தால்தான் வியப்பு.

ஊசியெல்லாம் ரத்தக் குழாயிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். தசையில் குத்தினால் அந்த ஊசியே நொதியை ஏற்றிவிடும்.

மார்ச் 6, வியாழன்
நொதி தொள்ளாயிரத்துக்கு இறங்கிவிட்டது. சி.ஆர்.பி. 131. "வலி மருந்தைக் குறைத்துவிடலாமா, சார்?" என்றார் பயிற்சி மருத்துவர். அவரைக் கருப்பன் அருகே அழைத்துப்போய்த் தையலுக்கு இரண்டு விரல் தள்ளி மெல்ல அழுத்தினேன். தலையைச் சட்டெனத் திருப்பினான், உதட்டை நக்கினான், காதுகள் பின்னால் படிந்தன. இந்த எண்கள் திசு எவ்வளவு சிதைந்தது என்பதைச் சொல்லும். எவ்வளவு வலிக்கிறது என்பதைச் சொல்லாது. மருந்து அப்படியே தொடர்கிறது. வாயில்லா ஜீவன் விஷயத்தில் காகிதத்தை மட்டும் நம்புவதை நான் ஒப்பமாட்டேன்.

மார்ச் 8, சனி
சி.ஆர்.பி. 70. "இன்னும் எத்தனை முறை ரத்தம் எடுப்பீர்கள், டாக்டர்? மனிதர்களுக்குப் பார்க்கிற லேபில் கொடுத்தால் செலவு குறையுமே" என்று கேட்டார் வளர்க்கும் அம்மா. நியாயமான கேள்வி. ஆனால் மனிதப் புரதத்துக்கென்று செய்த சோதனை எல்லாமே நாயின் புரதத்தைச் சரியாக அடையாளம் காணும் என்று சொல்ல முடியாது. இன்னும் ஒரே ஒரு முறை போதும், அம்மா என்றேன். இறங்கிக்கொண்டிருப்பது மறுபடி ஏறினால், தையலில் சீழ் தெரிவதற்கு முன்பே நாம் தேடத் தொடங்கலாம். வெள்ளணுக்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பயத்தில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனே அவற்றை ஏற்றிவிடும்.

மார்ச் 11, செவ்வாய்
சி.ஆர்.பி. 17. தையல் உலர்ந்திருக்கிறது, வீக்கம் வடிந்துவிட்டது. நடக்கும்போது விரல் நுனியைத் தரையில் ஊன்றுகிறான். வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கலாம். எலும்பு கூடுகிறதா என்பதற்கு இந்த ரத்தம் பதில் சொல்லாது. அதற்கு ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மாடிப்படி ஏறவிடக் கூடாது.