ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்ற பிறகு

காணும் பொங்கலன்று எங்கள் ஊர்க் கோயில் திடலில் நடந்த கபடிப் போட்டியில், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன், பாடி வந்த பையனின் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது அந்தப் பையனின் முழங்கால் இவனுடைய நெற்றிப்பொட்டில் மோதியது. விழுந்த வேகத்தில் பின்மண்டையும் தரையில் அடிபட்டது. திடலில் மணல் பரப்பியிருந்தார்கள் என்றாலும், டெல்டாக் களிமண் தை மாதத்தில் காய்ந்து இறுகிவிட்டால் மேலே கிடக்கும் மணலால் பெரிய பயன் இருப்பதில்லை. அவன் நினைவிழக்கவில்லை. எழுந்தவன் எதிரணிப் பக்கமாக நடந்தான், "எத்தனை பாயிண்ட்?" என்று மூன்று முறை கேட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா குடிக்கக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் அவனை மீண்டும் களத்தில் இறக்கிவிட்டார்கள். மயக்கம் போட்டால்தான் மூளைக்கு அடி என்று நம்பியிருந்ததால், கூட்டத்தில் நின்ற நானும் தடுக்கவில்லை. திசை தடுமாறியதும் கேட்டதையே திரும்பக் கேட்டதும் போதுமான அறிகுறிகள் என்பதும், சந்தேகம் வந்தாலே அன்றைக்கு விளையாட்டை நிறுத்திவிட வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன.

மாலையில் ஒரு முறை வாந்தி எடுத்தான். குழல் விளக்கைப் பார்க்க முடியாமல் கண்களை மூடிக்கொண்டான். இரவே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவும் இல்லை, எலும்பு முறிவும் இல்லை, மூன்று நாள் கழித்து விளையாடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வீடே நிம்மதியாகிவிட்டது. அவனுடைய அப்பாயி மட்டும், மண்டையில் அடிபட்டவனைத் தூங்கவிடக் கூடாது என்று விடியும் வரை அவனைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்தவன் பத்து நிமிடத்தில் மூடிவிட்டான். எழுத்து மிதக்கிறது என்றான். தங்கையின் கொலுசுச் சத்தத்துக்குக்கூட எரிந்து விழுந்தான். மறுநாளே தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் சென்றோம். ஸ்கேன் படத்தை ஓரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் அவனோடு பேசிய அவர், பிறகு எனக்கு விளக்கினார். சி.டி. ஸ்கேன் கசிவையும் முறிவையும் காட்டும். ஆனால், மண்டைக்குள் மூளை குலுங்கி, நரம்பணுக்களின் வேதிச் சமநிலையும் ஆற்றல் வரத்தும் குலைந்துபோவதுதான் கன்கஷன், அது அந்தப் படத்தில் தெரியாது. அது ஆறுவதற்குள் மறுபடியும் அடிபட்டால் குணமாக நெடுநாள் பிடிக்கும். அரிதாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அந்த ஆபத்து இளம் வயதினருக்கே அதிகம் என்றார். வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ உடனே ஓடிவர வேண்டும். மற்றபடி தூக்கம்தான் அவனுக்கு மருந்து என்று அவர் சொன்னதை, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாயியிடம் சொன்னேன்.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக்கிடக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் புதிய செய்தி. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வும் கைபேசிக் கட்டுப்பாடும் போதும். அதன் பிறகு மெல்ல நடப்பது குணமாவதற்கே உதவும் என்றார். படிப்பு முதலில், ஆட்டம் பிறகு என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வகுப்பாசிரியரிடம் நேரில் பேசினேன். ஒரு வாரம் அரை நாள் பள்ளி, ஜன்னல் வெளிச்சம் படாத பெஞ்சு, தலை கனத்தால் எழுந்து வெளியே போக அனுமதி. திருப்புதல் தேர்வு ஒன்றையும் விட்டுக்கொடுத்தோம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தலைவலி, தலைச்சுற்றல், வெளிச்சக் கூச்சம், எரிச்சல், தூக்கம் என்று கோடு போட்டுக் கொடுத்தேன். காலையும் மாலையும் பத்துக்கு எத்தனை என்று அவனே எழுத வேண்டும். ஒன்பதாம் நாள் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். அன்று மதியம் கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்திருந்த பித்தளைக் குடத்தில் வெயில் பட்டுத் தெறித்தபோது, அவன் இடது உள்ளங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நடந்து போனதைப் பார்த்தேன். மாசி மகப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். கோபம் வந்தது, ஆனால் கோபப்பட்டால் இனி எதையும் சொல்ல மாட்டான் என்று தோன்றியது. "தம்பி, நீ எழுதுறது எனக்காக இல்ல, உன் மூளைக்காக" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுவாரம் மருத்துவர், 2020 டிசம்பரில் கான்பெரா டி20 ஆட்டத்தில் ஹெல்மெட்டில் பந்து பட்ட பிறகும் ஜடேஜா ஆட்டமிழக்காமல் நின்றதையும், ஆனால் பந்துவீச அவர் வரவில்லை, கன்கஷன் மாற்று வீரராகச் சஹல் இறங்கினார் என்பதையும் நினைவூட்டியபோதுதான் அவன் முகம் இளகியது. வெளியேறுவது கோழைத்தனம் இல்லை என்பதை என் வாயால் நூறு முறை சொல்லியும் அது அவன் மனதில் ஏறவில்லை.

விளையாட்டுக்குத் திரும்புவது ஆறு படிகள். விளையாட்டு மருத்துவர்கள் 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடித் திருத்தி அமைத்த முறை அது என்றார். அன்றாட வேலை, நடை அல்லது சைக்கிள் போன்ற லேசான உடற்பயிற்சி, உடல் மோதாத தனிப் பயிற்சி, அணியோடு மோதலற்ற பயிற்சி, மோதலோடு பயிற்சி, பிறகுதான் போட்டி. ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். தொடக்கப் படிகளில் அறிகுறி இரண்டு எண்ணுக்கு மேல் கூடினால் அன்று நிறுத்திவிட்டு மறுநாள் முயல வேண்டும். மேட்டூர் அணையை அடைத்து, பாமணி ஆற்றில் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்த நாட்களில், கரையோரமாக அவன் சைக்கிள் மிதிக்க நான் உடன் நடந்தேன். 220-இல் வயது 15-ஐக் கழித்தால் 205, அதுதான் அவன் இதயத்தின் உச்சத் துடிப்புக்கான தோராயக் கணக்கு. அதில் 55 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 113 துடிப்பு, என்பதுதான் முதல் எல்லை. மதகருகே இறங்கி, மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணுவான். இருபத்தெட்டு வந்தால் சரி, முப்பத்துநான்கு வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம்.

ஒரு முறை மூன்றாம் படியில் தலை கனத்தது. நாங்கள் இரண்டு நாள் பின்வாங்கினோம். அந்த நாளின் கட்டத்தில் 4 என்று அவனே எழுதியிருந்தான். பதினேழாம் நாளுக்குப் பிறகு அறிகுறி எதுவும் திரும்பவில்லை. முழு நாள் பள்ளி ஒரு வாரம் போன பிறகே, மருத்துவர் பரிசோதித்து மோதல் பயிற்சிக்கு எழுத்தில் ஒப்புதல் கொடுத்தார். மாசி மகப் போட்டியை அவன் கோட்டுக்கு வெளியே அமர்ந்து பார்த்தான். அடுத்த வாரம் திடலில் முதன்முறையாகக் கணுக்கால் பிடிக்குப் பாய்ந்தபோது, எனக்கு மூச்சு நின்று வந்தது. தலையை ஆளின் முட்டிக்கு வெளிப்பக்கம் வைத்துப் பிடித்திருந்தான்.

அன்று இரவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஐந்து கட்டத்திலும் பூஜ்யம். பக்கத்தில் அவனே புதிதாக ஒரு கோடு போட்டு எழுதியிருந்தான்: "முழங்கை சிராய்ப்பு, 3."