ஜீப் நோட்டில் இருந்த கோடுகள்

அந்த அக்கா முதல் முறை எங்கள் உதவி மையத்துக்கு வந்தபோது, கணவர் அடித்தது தீபாவளிக்கு முந்தைய வாரம் என்றார். இரண்டாம் முறை, கார்த்திகையில் என்றார். முதலில் தீபாவளி என்று சொன்னதே அவருக்கு நினைவில்லை. கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு மலைப்பாதை தாண்டி, கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்.

2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி நிரப்பும் சம்பவ அறிக்கையில் நாள், இடம், நேரம் எழுதக் கட்டம் உண்டு. அதை அடித்துத் திருத்தும்போது, யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் முறை வந்தது, முந்தைய இரவு மறுபடி அடிபட்ட பிறகு. டியூப்லைட் வெளிச்சம் படாதபடி சேலைத் தலைப்பைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார். குரல் கம்மியிருந்தது. கொடுத்த தண்ணீரை விழுங்கத் திணறினார். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"கழுத்தைப் பிடித்தாரா அக்கா?"

"அது அடித்ததில் சேருமா மேடம்?"

படிவத்தை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். கழுத்தை நெரித்தால் மூளைக்கு ரத்தம் போவது தடைபடும்; வெளியே தடயமே இல்லாமலும் இருக்கலாம். உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். தலையில் பட்ட அடியும் அப்படித்தான். நினைவு தப்பாமலே மூளை அதிர்ந்திருக்கலாம், ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அக்கா தேதியை மாற்றிச் சொன்னதும் அதனால் இருக்கலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் முன்பே காட்டியிருக்கிறார். 'மயக்கம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நமக்குத் தலைசுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். மலையாளத்தில் அதே சொல் அரைத்தூக்கத்தையும் குறிக்கும். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நான் இப்போது அந்தச் சொல்லைத் தொடுவதில்லை. விழுந்ததற்கும் எழுந்ததற்கும் நடுவே நடந்தது நினைவிருக்கிறதா, அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறீர்களா, முன்பு பழகிய ஜீப் வளைவுகளில் இப்போது குமட்டுகிறதா என்று கேட்கிறேன். ஓயாத வாந்தி, வலிப்பு, ஏறிக்கொண்டே போகும் தலைவலி என்றால் கேள்வியே இல்லை, 108-தான்.

தேதி கடைசியில் ஜீப் ஓட்டுநரிடம் கிடைத்தது. வேலைக்கு வராதவர்களுக்கு அவர் நோட்டில் கோடு போடுவார். அக்காவின் பெயருக்கு நேரே தீபாவளிக்கு முந்தைய வாரம் இரண்டு கோடு, கார்த்திகையில் நான்கு.