ஒட்டுக்குக் கீழே கிளம்பிய கிளை

தொட்டியில் வைத்திருந்த சிவப்பு ரோஜா, இரண்டு சுற்றுப் பூத்த பிறகு சோர்ந்து நின்றது. அந்தச் சமயத்தில் அடியிலிருந்து பென்சில் பருமனில் வெளிர்பச்சைக் கிளை ஒன்று கிளம்பி, மூன்றே வாரத்தில் மற்றக் கிளைகளைத் தாண்டி வளர்ந்ததைக் கண்டு, இட்ட தொழுவுரம் வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். அதில் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய கிளைகள் நுனியிலிருந்து கறுத்துக் காயத் தொடங்கிய பிறகுதான் மேல்மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். ஒட்டுக்கட்டிய இடம், அதாவது காட்டு ரோஜாவின் வேர்ப்பகுதியோடு நல்ல ரகத்தை இணைத்த இடம், முண்டு போலப் புடைத்திருந்தது. புதுக்கிளையோ அதற்கு இரண்டு விரற்கடை கீழே முளைத்திருந்தது. உரம் சேர்த்தபோது ஒட்டை மண்ணால் மூடியவன் நானே என்பதால், வேருக்காக மட்டும் வைத்த காட்டு ரகத்தை இத்தனை நாள் ஊட்டி வளர்த்தது கண்ணில் படவில்லை. ஒரே இலைக்காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக்கிளை என்பார்கள்; நல்ல ரகங்களிலும் ஏழு வருவதுண்டு என்பதால், முளைத்த இடத்தைப் பார்ப்பதையே நான் நம்புகிறேன்.

முதலில் அதைக் கத்தரியால் மண்மட்டத்தில் வெட்டினேன். அடிக்கணு உள்ளேயே தங்கிவிட்டதால், பத்து நாளில் ஒன்று இரண்டாகத் துளிர்த்தது. மறுமுறை, முளைத்த இடம் வரை மண்ணைத் தோண்டி, கிளையை அடியில் பற்றிக் கீழ்நோக்கி இழுத்து, பட்டையோடு பிய்த்தெடுத்தேன். பார்க்கக் கொடூரமாக இருந்தாலும் அந்த இடம் அதன்பின் துளிர்க்கவில்லை. ஒட்டு வெளியே தெரியும்படி மண்ணையும் குறைத்தேன்.

காய்ந்த கிளைகளை, உள்ளே பழுப்பு மறைந்து வெண்மை தெரியும் வரை சிறிது சிறிதாக வெட்டி இறக்கி, வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக நிறுத்தினேன். ஒரு கிளையில் ஒட்டு வரை வந்தும் வெண்மை தென்படாததால் அதை முழுதாக எடுத்துவிட்டேன். கரும்புள்ளி நோயும் இருந்தது. மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தியதோடு சரி.

இப்படிக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த 12ஆம் நாள், மேல்கணுவில் செந்நிறத் துளிர் வந்தது. இன்று 46ஆம் நாள். மூன்று மொட்டுகளில் ஒன்றின் பச்சை உறை பிளந்து, நூலிழை அகலத்துக்குச் சிவப்பு தெரிகிறது. ஒட்டுக்குக் கீழே வேறோர் இடத்தில் மிளகளவில் ஒரு பச்சை முளையும் எட்டிப் பார்த்தது. அதை நகத்தால் கிள்ளிவிட்டேன்.