ஐந்து பேர் வாசித்தார்கள், இரண்டு பேர் கதை

மார்ச் 8

ராத்திரி ‘தி ரன்அவேஸ்’ பார்த்தேன். 2010இல் ஃப்ளோரியா சிஜிஸ்மோண்டி எடுத்த படம். 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே பெயரில் தொடங்கிய பெண்கள் ராக் குழுவின் கதை. ஒருத்திக்கும் பதினெட்டு வயது ஆகவில்லை. கிட்டார் வாசிக்கும் ஜோன் ஜெட்டாக கிறிஸ்டன் ஸ்டூவர்ட், பாடகி ஷெரி கரியாக டகோட்டா ஃபேனிங். இரண்டு பேரும் சொந்தக் குரலிலேயே பாடியிருக்கிறார்கள். ஃபேனிங்குக்கு அப்போது பதினைந்து வயதுதான். அந்த வயசுப் பாத்திரத்துக்கு அந்த வயசுப் பெண்ணையே போட்டதால் சில காட்சிகளைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்.

தூக்கம் வருகிறது, மீதி நாளைக்கு.

மார்ச் 9

குரல் தேர்வுக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். ஷெரி பெக்கி லீ பாடிய மெதுவான பழைய பாட்டு ஒன்றைப் பழகிக்கொண்டு வந்து நிற்கிறாள். மற்ற பெண்களுக்கு முகம் சுளிக்கிறது. குழுவின் இசைத் தயாரிப்பாளர் கிம் ஃபௌலியும் ஜோனும் அங்கேயே உட்கார்ந்து அவளுக்காக ஒரு பாட்டைக் கட்டுகிறார்கள். அதுதான் ‘செர்ரி பாம்’. நிஜத்திலும் அப்படித்தான் பிறந்ததாம். ஃபௌலி வரிகளைக் கத்த, அந்த வயதில் வாயில் வரக் கூசும் சொற்களை ஷெரி தயங்கித் தயங்கிப் பாட, கொஞ்ச நேரத்தில் கூச்சம் போய்விடுகிறது. கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் வளர்ந்த ஆம்பளை ஒருத்தன் சின்னப் பெண்ணிடம் என்ன வேலை வாங்குகிறான் என்று யோசித்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது.

மைக்கேல் ஷானன் ஃபௌலியாகப் பின்னி எடுக்கிறார். பிரச்சினையே அதுதான். ஒத்திகை நடக்கும் டிரெய்லர் வண்டிக்குப் பையன்களைக் கூட்டிவந்து, பாடும் பெண்கள் மேல் குப்பையை எறியச் சொல்கிறான். மேடையில் வருவதைத் தாங்கப் பயிற்சியாம். படம் அதைக் குறும்பு மாதிரி காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

மார்ச் 11

பேஸ் கிட்டார் வாசிக்கும் ராபின் யார் என்று தேடினேன். அப்படி ஒருத்தி குழுவில் இருந்ததே இல்லை! உண்மையில் பேஸ் வாசித்தவர் ஜாக்கி ஃபாக்ஸ், சொந்தப் பெயர் ஜாக்கி ஃபூக்ஸ். தன் கதைக்கான உரிமையை அவர் தரவில்லை. அதனால் ஒரு கற்பனைப் பெண்ணை நிறுத்தி, கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் ஓரமாக விட்டுவிட்டார்கள். படத்துக்கு மூலம் ஷெரியின் சுயசரிதை. நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஜோனும் ஒருவர். அப்படியிருக்க இரண்டு பேர் கதையாகத்தானே வரும்? லீட் கிட்டார் லிட்டா ஃபோர்டுக்குச் சண்டை போடும் வேலை. டிரம்ஸ் வாசித்த சாண்டி வெஸ்ட் 2006இலேயே புற்றுநோயில் இறந்துவிட்டார். ஜோனும் சாண்டியும் சேர்ந்துதான் குழுவே தொடங்கியது. படத்தில் அவருக்குக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கலாம்.

ஜாக்கி 1977இல் ஜப்பான் பயணத்தின் நடுவிலேயே விலகியவர். பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்து வக்கீலானார்.

மார்ச் 12

இதை எழுதத்தான் வேண்டும். ஃபௌலி 2015 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு ஜாக்கி வெளியே வந்து, 1975 டிசம்பர் 31 இரவில் ஃபௌலி தன்னைப் பாலியல் வன்புணர்வு செய்ததாகச் சொன்னார். அப்போது அவருக்குப் பதினாறு வயது.

இதைப் படித்தபின் ஷானன் வரும் காட்சிகளை மறுபடி பார்க்க மனசு வரவில்லை. 2010இல் எடுத்தவர்களைக் குறை சொல்வது எளிது, நான் அதற்கு வரவில்லை. ஆனாலும் ராபின் வாயே திறக்காமல் பின்னால் நிற்பது இப்போது வேறு மாதிரி கண்ணில் படுகிறது.

மார்ச் 15

ஜாக்கிக்குப் பிறகு பேஸ் வாசித்த விக்கி புளூ, விக்டரி டிஷ்லர்-புளூ என்ற பெயரில், 2004இல் ‘எட்ஜ்பிளே’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். அதில் ஜாக்கி பேசுகிறார், ஷெரி, லிட்டா, சாண்டி பேசுகிறார்கள், ஃபௌலியும் பேசுகிறார். ஜோன் மட்டும் ஒத்துழைக்கவில்லை. பாடல்களுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. ரன்அவேஸ் பற்றிய படத்தில் ரன்அவேஸ் பாட்டுக்கே பஞ்சம். இந்தப் படத்தில் ஜாக்கி இல்லை, அந்தப் படத்தில் ஜோன் இல்லை. சனிக்கிழமை அதைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சாண்டி பேசும் பகுதிக்காகவாவது.